முன் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டுவது: வேலையில் பாதி பின்சக்கரத்தில் இருக்கிறது

கேள்வி இதுதான்: 1960-களின் நடுவில் வந்த கார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் உருளைக்குள் ஷூ என்ற பிறை வடிவக் கட்டைகள் விரிந்து பிடிப்பது), ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (பெடல் விசையை ஆயில் அழுத்தமாக்கி நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றாக அனுப்புவது), பூஸ்டர் (கால் விசையை எஞ்சின் வெற்றிடத்தால் கூட்டும் கருவி) கிடையாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிப்பு குறைந்துகொண்டே போகிறது. திடீரென்று அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. முன்னால் மட்டும் டிஸ்க் கிட் வாங்கி மாட்டினால் போதுமா? பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்குப் பதில், போதும். பின்னால் டிரம்மே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்குக்கும் அதுதான் வசதி. இரண்டாவதுக்குப் பதில், கூடாது. டிஸ்க்கையும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) காலிப்பரையும் (பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் அந்தத் தட்டைப் பிடிக்கும் கவ்வி) மாட்டுவது கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வார இறுதி வேலை. அந்தப் புது முன்பிரேக்கோடு பெடலையும் பழைய பின்பிரேக்கையும் ஒத்துப்போக வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் கிட்டைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. ஒரு பக்கம் இழுப்பதற்கு டிரம் என்பதே காரணமாகாது. ஒரு பக்க வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) கசிந்து லைனிங்கில் (ஷூவின் உராய்வுப் பட்டையில்) பிரேக் ஆயில் ஊறியிருக்கலாம். ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் ஒரு பக்கம் தளர்வாக இருக்கலாம். டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருந்தால், நீங்கள் டிஸ்க் மாட்டிய பிறகும் வண்டி அதே பக்கம்தான் இழுக்கும். ஆகவே கிட் வாங்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிற கார் என்றால், ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே போதுமென்று இந்தக் கட்டத்திலேயே நீங்கள் முடிவெடுக்கவும் கூடும். அது மோசமான முடிவு அல்ல.

இறக்கத்தில் பிடிப்பு குறைவது வேறு விஷயம். அது டிரம்மின் பிறவிக் குணம். சூடேறும்போது டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது, பெடல் கீழே இறங்குகிறது. லைனிங்கும் சூட்டில் தன் உராய்வை இழக்கிறது. மூடிய பெட்டிக்குள் இருப்பதால் சூடு வெளியேற வழியும் இல்லை. டிஸ்க் சூட்டில் தடிக்கும்போது பேடை நோக்கித்தான் வரும். காற்றில் திறந்து கிடப்பதால் ஆறவும் செய்யும். தண்ணீரில் இறங்கி ஏறினாலும் ஒன்றிரண்டு சுற்றில் டிஸ்க் துடைத்துக்கொள்ளும். 1953-ல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றதற்குப் பின்னால் இதுதான் இருந்தது. மற்ற கார்களின் பிரேக் சூட்டில் களைத்துப்போன நேரத்திலும் அதன் பிரேக் முதல் சுற்றில் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை, பிரேக் குளிர்ந்திருக்கும்போது, முழு வேகத்தில் பிடித்து நிறுத்தும் தூரத்தை டிஸ்க் பெரிதாகக் குறைக்காது. உங்கள் டிரம் இப்போதே சக்கரத்தை லாக் செய்கிறது என்றால், அந்தத் தூரத்தை நிர்ணயிப்பது டயர், பிரேக் அல்ல. டிஸ்க் தருவது, பத்தாவது முறை பிடிக்கும்போதும் முதல் முறை மாதிரியே பிடிப்பது, நேர்கோட்டில் நிற்பது, காலுக்குத் தெரிகிற சீரான பிடிப்பு. பழைய டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்குச் செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இனி மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்குள் சுழலும் திசையிலேயே ஷூ இழுக்கப்படும்போது, கதவுக்கடியில் வைத்த ஆப்பு மாதிரி அது தானே மேலும் இறுகிக்கொள்கிறது. உங்கள் கால் கொடுக்கும் விசையை டிரம் தானே பெருக்குகிறது என்று அர்த்தம். டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. பேட் எவ்வளவு அழுத்தப்படுகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். அந்தக் குறையைக் காலிப்பரின் பெரிய பிஸ்டன் ஓரளவு ஈடுகட்டும். மீதியை லைனில் (பிரேக் ஆயில் குழாயில்) அதிக அழுத்தம் தந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் 30 கிலோ விசையில் மிதிக்கிறது, பெடலின் நெம்பு விகிதம் 6-க்கு 1 என்றால் மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 180 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் 25.4 மி.மீ. என்றால் பரப்பு 5.07 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 35 கிலோ. விட்டத்தை 22.2 மி.மீ. ஆக்கினால் 46 கிலோ. 19 மி.மீ. ஆக்கினால் 63 கிலோ. பூஸ்டர் இல்லாத டிரம் காருக்கு முதல் எண் போதும். டிஸ்க் பூட்டிய காரைப் பலமாக நிறுத்த 60 முதல் 80 கிலோ வரை தேவைப்படும். பழைய பெரிய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்து டிஸ்க் மாட்டியவர்கள் "பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது" என்று சொல்வது இதனால்தான். கோளாறு டிஸ்க்கில் இல்லை.

அப்படியானால் சிறிய சிலிண்டராகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் இலவசமாக ஒன்றும் வராது. 25.4-லிருந்து 22.2-க்கு இறங்கினால் அதே அளவு ஆயிலைத் தள்ளப் பெடல் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இறங்க வேண்டும். 19-க்கு இறங்கினால் ஏறக்குறைய 80 சதவீதம். சிறிய, எடை குறைந்த காருக்கு 19 அல்லது 20 மி.மீ. பூஸ்டர் இல்லாமலே நன்றாக வேலை செய்யும். எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடிக்கும், காரணம் அதில் கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு. 1,200 கிலோவைத் தாண்டிய காருக்குப் பூஸ்டர் வைத்துக்கொள்வதே நல்லது.

பூஸ்டர் வைப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெடல் விகிதம். பூஸ்டர் இல்லாத காரில் 6-க்கு 1 இருப்பது வழக்கம். பூஸ்டருக்கு 4-க்கு 1 சுற்றுவட்டாரம் போதும். பழைய பெடலிலேயே பூஸ்டரைக் கோர்த்தால் தொட்டவுடன் கவ்வும் பிரேக்காகிவிடும். இரண்டாவது, எஞ்சின் தரும் வெற்றிடம். சாதாரண எஞ்சின் ஐடிலில் தருவது பூஸ்டருக்குப் போதும். ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் போதாது. சோதிக்க எளிய வழி உண்டு: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினை ஓட்டுங்கள். பெடல் சற்றுக் கீழே அமுங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிடுவது: பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தள்ளுதண்டின் நீளம். தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே அரை மி.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். தண்டு நீண்டுவிட்டால் பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், விரிந்த ஆயில் பேடைத் தள்ளும், பேட் இன்னும் சூடேற்றும். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் முன்சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். ஆறவிட்டால் சரியாகிவிடும், மறுபடி ஓட்டினால் மறுபடி பிடிக்கும். பலர் இதற்குக் காலிப்பரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே மாதிரி அறிகுறியைத் தரும் இன்னொன்று ரெசிடுவல் வால்வு. டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் பைப் பூட்டும் வாய்க்குள்ளேயே ஒரு சின்ன வால்வு ஒளிந்திருக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் வழியாகக் காற்று நுழையாமலிருக்க, லைனில் எப்போதும் சுமார் 0.7 பார் (ஏறக்குறைய சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ) அழுத்தம் தங்கும்படி அது பார்த்துக்கொள்ளும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் ஒரு பொருட்டல்ல. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைத் திரும்ப இழுப்பது அதைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீலின் முறுக்கு மட்டும்தான். 0.7 பாரை எதிர்த்து அதனால் முடியாது. பேட் உரசிக்கொண்டே ஓடும். ஆகவே டிஸ்க் போகும் சுற்றில் அந்த வால்வு இருக்கக் கூடாது. பின் டிரம் சுற்றில் இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், காலிப்பரை விடத் தாழ்வாக இருக்கும் கார்களில் மட்டும் டிஸ்க் லைனுக்கு 0.14 பார் வால்வு ஒன்றைத் தனியே போடுவார்கள். இல்லாவிட்டால் ஆயில் கீழே வடிந்து முதல் மிதிப்பு வெறுமையாகப் போகும்.

ஒற்றைச் சுற்றை இரட்டைச் சுற்றாக மாற்றுவதை நான் விருப்பம் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும் அமைப்பு அது. அமெரிக்காவில் 1967 மாடல் கார்களிலேயே இரட்டைச் சுற்று வழக்கத்துக்கு வந்துவிட்டது. எப்படியும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றப் போகிறீர்கள். அதோடு இதையும் முடித்துவிடுங்கள். டிஸ்க்-டிரம் சிலிண்டரில் ஒரு தொட்டி பெரிதாக இருக்கும், அது டிஸ்க்குக்கு. காரணம், 54 மி.மீ. பிஸ்டன் உள்ள காலிப்பரில் பேடுகள் தேய்ந்து பிஸ்டன் 10 மி.மீ. வெளியே வந்தால் ஒரு பக்கத்துக்கு 23 சி.சி. ஆயில் அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து 46 சி.சி. பழைய டிரம் தொட்டிக்கு அது தாங்காது.

இப்போது தலைப்பில் சொன்ன பின்சக்கரம். லைன் அழுத்தத்தை டிஸ்க்குக்காக ஏற்றினோம் அல்லவா? அதே ஏறிய அழுத்தம்தான் பின் டிரம்முக்கும் போகிறது. குறைந்த அழுத்தத்துக்காக வடிவமைத்த, தானே விசையைப் பெருக்கிக்கொள்ளும் டிரம்முக்கு இப்போது கூடுதல் அழுத்தம். அதோடு, பலமாகப் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது. 1,200 கிலோ கார், சக்கர இடைத்தூரம் 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரம், பின்னால் 576 கிலோ அமர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 0.8 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீதம்) வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் 211 கிலோ முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 365 கிலோ, மொத்தத்தில் 30 சதவீதம். எடை குறைந்த சக்கரத்துக்கு அதிக பிரேக் என்றால் முடிவு ஒன்றுதான்: முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் லாக் ஆகும், கார் பின்பக்கமாகச் சுழன்று திரும்பும். முன்சக்கரம் லாக் ஆனால் நேராக வழுக்கிப் போவீர்கள். காலை எடுத்தால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் லாக் ஆனால் அந்த வாய்ப்பு இல்லை.

இதைத் தடுக்கத்தான் பின் லைனில் மட்டும் பிரபோர்ஷனிங் வால்வு. ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை அது தலையிடாது. அதற்கு மேல் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஃபோர்டு முஸ்டாங்கில் முன் டிஸ்க்கை விருப்பத் தேர்வாகக் கொடுத்தபோது பின் லைனில் இந்த வால்வையும் சேர்த்தே கொடுத்தார்கள். கையால் திருகிச் சரிசெய்யும் வகையை வாங்குங்கள். உங்கள் டயருக்கும் எடைக்கும் ஏற்ற இடத்தை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். முன் லைனில் போடும் மீட்டரிங் வால்வு என்று இன்னொன்று உண்டு. பின் ஷூவின் ஸ்பிரிங் அசையும்வரை டிஸ்க்கைச் சற்றுக் காக்க வைப்பது அதன் வேலை. மழையிலும் வழுக்கும் சாலையிலும் மெல்லப் பிடிக்கும்போது அது உதவும். எடை குறைந்த காரில் அது இல்லாமல் ஓட்டலாம். பிரபோர்ஷனிங் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

சரி, கிட். வாங்கும் முன் ஒன்று விசாரியுங்கள்: உங்கள் கார் கம்பெனியே பிந்தைய மாடலில் டிஸ்க் கொடுத்ததா? எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் கார் 1959-ல் 1600 மாடலாக வந்தபோது முன் டிஸ்க் பெற்றது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1500 மாடலில் 1966-ல் வந்தது. அப்படி இருந்தால், அந்தப் பிந்தைய காரின் ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரம் சுழலும் தண்டு), ஹப் (சக்கரம் பூட்டும் மையம்), காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் முழு செட்டாக எடுத்துப் பூட்டுவதுதான் என் முதல் தேர்வு. அளவுகளையெல்லாம் ஏற்கெனவே ஒருவர் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அது கிடைக்காவிட்டால் மட்டும், பழைய ஸ்டப் ஆக்சிலில் பிராக்கெட் வைத்துக் காலிப்பரைத் தாங்கும் கிட்.

வேறு காரின் ஸ்டப் ஆக்சிலைப் பொருத்தும் ஏற்பாடு என்றால், ஸ்டியரிங் ஆர்ம் இருக்கும் உயரம் பழையதோடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானே அசையும். பல கிட்கள் சக்கரத்தைச் சில மி.மீ. வெளியே தள்ளும்; மட்கார்டில் உரசுமா என்று ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய 13 அங்குல இரும்புச் சக்கரத்துக்குள் காலிப்பர் அடங்காமல் போவதும் உண்டு. காலிப்பரின் அட்டை மாதிரி ஒன்றை வெட்டிச் சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பழைய ஷூக்களைக் கழற்றும்போது ஏர் கன் பிடித்துத் தூசியை ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, முகக்கவசம் போட்டு, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பொருத்தும்போது மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். புது டிஸ்க்கின் மேல் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைக் கரைப்பான் ஊற்றிச் சுத்தமாகத் துடையுங்கள். ஹப் பேரிங்கை சரியாக இறுக்கிய பிறகு டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள், 0.1 மி.மீ.க்கு மேல் போனால் பெடலில் துடிப்பாகத் தெரியும். அப்போது டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் ஹப்பின் முகத்தில் துரு ஒட்டியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, காலிப்பர்கள் இடவலம் மாறிவிடும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டு பக்கமும் பூட்டவும் முடியும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் உள்ளே மேலே தங்கிய காற்று வெளியே வராது. மூன்றாவது, பைப் மரைகள். 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை நட்டும் எம்10x1 (10 மி.மீ. மெட்ரிக்) நட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். அங்குல நட் மெட்ரிக் துளையில் சிரமமில்லாமல் ஏறும், கொஞ்சம் இறுகவும் செய்யும், 9.5 மி.மீ. தண்டு 10 மி.மீ. துளையில் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று நீங்களே யோசியுங்கள். பழைய காரில் புதுக் காலிப்பர் பூட்டும்போது இந்தக் கலப்பு நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஹோஸ் புதிதாகவே போடுங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், முழுக்க மேலேறியபோதும், இருபக்கமும் திருப்பியபோதும் அது இழுபடாமலும் உரசாமலும் இருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை டாட் 4 என்ற தரம் போதும். சிலிகான் அடிப்படையிலான டாட் 5-ஐ டாட் 3 அல்லது டாட் 4-ஓடு கலக்கவே கூடாது. பேர் அடுத்தடுத்து இருப்பதால் ஏமாறாதீர்கள். ஏர் எடுக்கும் முன் பின் ஷூக்களைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடல் பாதி வரை இறங்குகிறது என்று புது காலிப்பரைச் சந்தேகிக்கும் நேரத்தில், முக்கால்வாசி பின் ஷூவின் இடைவெளிதான் காரணமாக இருக்கும். மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் பூட்டும் முன் வைஸில் வைத்து அதன் காற்றை எடுத்துவிட்டால் பிற்பாடு பாதி நேரம் மிச்சம்.

எல்லாம் பூட்டியதும் ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெடலை மிதித்து விட்ட பிறகு பேட் லேசாக உரசும் சத்தம் கேட்கலாம். சக்கரம் இறுகக் கூடாது. இறுகினால் காலிப்பர் நிப்பிளைத் திறங்கள். சக்கரம் விடுபடவில்லை என்றால் காலிப்பர் நகரும் ஊசித்தண்டு (ஸ்லைடு பின்) அல்லது பிராக்கெட்டின் கோணம்தான் கோளாறு. விடுபட்டால் அழுத்தம் லைனில் தங்குகிறது. நிப்பிளை மூடி, மிதித்து மறுபடி இறுகவைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் பைப்பைத் தளர்த்துங்கள். அங்கே விடுபட்டால் ரெசிடுவல் வால்வு அல்லது தள்ளுதண்டு. விடுபடாவிட்டால் நடுவில் எங்கோ ஒரு ஹோஸோ வால்வோ அடைத்திருக்கிறது.

புதுப் பேடைப் பழக்க, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள். நடுவில் ஆற விடுங்கள், சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள்.

அதன் பிறகு வால்வைச் சரிசெய்வது. ஆள் நடமாட்டமில்லாத, நேரான, காய்ந்த சாலை வேண்டும். ஈரச் சாலையில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது: பிடிப்பு குறைந்த இடத்தில் எடை அவ்வளவாக முன்னே சாயாது, அதனால் பின்சக்கரம் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். லாக் ஆகும் ஆபத்து காய்ந்த சாலையில், முழு வேகப் பிடிப்பில்தான் வெளிப்படும். 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி மெல்ல ஏறுங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். வால்வை முழுக்க மூடிய நிலையில் (பின்சக்கரத்துக்கு மிகக் குறைந்த அழுத்தம் போகும் நிலையில்) ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் சிறிது திறந்து, பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்தும் இடம் தெரிந்ததும் அங்கிருந்து ஒரு சுற்றுப் பின்வாங்குங்கள். பின் இருக்கையில் ஆளும் டிக்கியில் சுமையும் இல்லாத நிலைக்கே இதைச் செய்ய வேண்டும். அதுதான் பின்பக்கம் மிக லேசாக இருக்கும் நிலை. பின்னால் டயர் வகையையோ ஷூ லைனிங்கையோ மாற்றினால் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

முதல் 200, 300 கிலோமீட்டருக்குப் பிறகு காலிப்பர் போல்ட், பைப் இணைப்புகள், ஹப் பேரிங் மூன்றையும் மறுபடி பாருங்கள். பிரேக் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் குறிக்க வேண்டுமா, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய டிரம், ஸ்டப் ஆக்சில் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அசல் பாகங்களைக் கேட்டு வருபவர்கள் உண்டு.